அக்கா பின்னித்தான் விட்டாள்

நாம் எல்லாரும் எழுபதைத் தாண்டிவிட்டோம். ஒன்றாகப் படித்தவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோம் என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை. இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலாக்காவில், காஜா பெராங்கில் நம் வகுப்பில் எப்போதும் தலையில் துணி கட்டியிருந்த பெண்ணை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது நான்தான். துணிக்கு முன்னால், நெற்றியை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு முடி தெரியும். அதைப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஏதோ வேண்டுதலுக்காகக் கட்டியிருக்கிறாள் என்று சிலர் நினைத்தீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொன்னீர்கள். "இவ அக்காதான் இவ தலைய மெஷின்ல விட்டவ." பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில் அதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, என் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பேசாமல் வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

அப்படிப் பேசாமல் போனதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருடம் எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அப்பா பஸ்ஸில் டிக்கெட் செக்கர். பண்டார் ஹிலிருக்கும் உஜோங் பாசிருக்குமாக நாள் முழுக்க ஏறி இறங்கி, மாலையில் காக்கிச் சட்டையில் வேர்வையும் டீசல் வாடையுமாக வருவார். அம்மா விடியற்காலையில் இடியாப்பம் அவித்துக் காப்பிக்கடைகளுக்குக் கொடுப்பார். அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தார். கணவர் சப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பி வராதவர். வீட்டில் அத்தை சொல்வதுதான் முடிவு. பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி குடும்பம். அவர்கள் வீட்டிலும் சாமி மாடம், விபூதி, பொங்கல் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அம்மாள் கெபாயா சட்டையும் சாரோங்கும் உடுத்தி, தோளில் செலெண்டாங் என்கிற நீளத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். எங்களை 'சாயாங்' என்று கூப்பிடுவார். செல்லமே என்பது போல.

எனக்கு இடுப்பு வரை முடி இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அதிகம். அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டுவார். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் என் முடியைப் பரப்பிவிட்டு, "அசையாத" என்பார். புகை மூக்கில் ஏறும். தும்மினால் திட்டு விழும். அந்தப் புகைக்கூடையை நான் இப்போது எங்கும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் எனக்கு அதனால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. சனிக்கிழமை. அம்மா முறுக்குக்கு அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி வைத்திருந்தார். அதை மில்லில் கொடுத்து மாவாக்கிக்கொண்டு வர வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு வலி. அக்காதான் போவாள், நானும் போவேன் என்று அடம்பிடித்தேன்.

"தலையப் பின்னிவிட்டு கூட்டிட்டுப் போ" என்றார் அம்மா.

"முடி இன்னும் ஈரமா இருக்கும்மா."

"பரவால்ல, பின்னு. விரிச்சிப் போட்டுக்கிட்டு தெருவுல போவக் கூடாது."

அக்கா என்னைப் பின்வாசல் படியில் உட்காரவைத்துப் பின்னினாள். அவள் கை இறுக்கமான கை. காதுக்குப் பின்னால் தோல் இழுத்தது. வலிக்கிறது என்று அழுதேன். "கொஞ்சம் பொறு, அவுந்துச்சின்னா எனக்குத்தான் ஏச்சு விழும்" என்றாள். இரட்டைச் சடை, மடித்துக் கட்டி, பச்சை ரிப்பன். அம்மா அப்போது உள்ளே படுத்திருந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். பின்னினதை வேறு யாரும் பார்க்கவில்லை.

மில் ஒரு தகரக் கொட்டகை. உங்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள். எஞ்சின் வெளியே ஓடும்; சுவரில் ஒரு ஓட்டை வழியாக ஒரு தோல்வார் உள்ளே வந்து, பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போகும். டப் டப் என்று ஒரு சத்தம். தரை அதிரும். உத்தரமெல்லாம் மாவு படிந்து வெள்ளையாக இருக்கும். ஒரு மெஷினில் மிளகாய் அரைத்தால் கொட்டகையே இருமும். அன்றைக்கு வெறும் அரிசிதான். தீபாவளி நேரம் என்பதால் கூட்டம். அக்கா வரிசையில் நின்றாள். "இங்கயே நில்லு, சக்கரத்துப் பக்கம் போவாத" என்று என்னை மூட்டைகளின் பக்கம் நிறுத்திவிட்டுத்தான் போனாள்.

அந்த வாரிலிருந்து காற்று வரும். எனக்கு அது முன்பே தெரியும். பக்கத்தில் போனால் மின்விசிறிக்கு முன்னால் நிற்பது போல முகத்தில் அடிக்கும். நம் வீடுகளில் அப்போது மின்விசிறி ஏது? ஈர முடி சடைக்குள் கசகசவென்று இருந்தது. காது வலித்தது. நான் ரிப்பனை இழுத்தேன். ஒரு சடையை அவிழ்த்தேன். மற்றதையும் அவிழ்த்தேன். முடியை விரித்துவிட்டுக்கொண்டு, அம்மா புகை காட்டும்போது நிற்பது போலக் குனிந்து, அந்தக் காற்றுக்குத் தலையைக் கொடுத்தேன். முடி பறந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வலி ஞாபகம் இல்லை. யாரோ என்னை ஒரே இழுப்பில் தூக்கியது போல இருந்தது. மில்காரர் எஞ்சினை நிறுத்த ஓடவில்லை. கையிலிருந்த சாக்கு வெட்டும் கத்தியால் ஓடுகிற வாரையே அறுத்தார் என்று பிறகு சொன்னார்கள். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் கழுத்தும் போயிருக்கும். அறுந்த வார் அடித்து அவருடைய கன்னம் கிழிந்தது. வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் தன் செலெண்டாங்கால் என் தலையைச் சுற்றிக் கட்டினார். கட்டும்போது அக்காவின் முகத்தைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, "ஜாங்கான் தெங்கோ, சாயாங், ஜாங்கான் தெங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பார்க்காதே, பார்க்காதே. ஆனால் அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

டெக்சியில் என்னை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த அம்மாள்தான். சக்கரத்தில் சுற்றிக்கிடந்த முடியையும் தோலையும் எடுத்து வாழை இலையில் சுருட்டிக் கொண்டுவந்ததும் அவர்தான். அந்தக் காரியம் செய்ய அந்தக் கொட்டகையில் வேறு ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியாக, வழுக்கைத் தலையோடு இருப்பார். புருவத்துக்கு மேலிருந்து உச்சி வரைக்கும், வலது காது வரைக்கும் எனக்குத் தோல் போய்விட்டது. பின்பக்கமும் இடதுபக்கமும் மிஞ்சின. டாக்டர் இலையில் வந்ததைக் கழுவி, மழித்து, திரும்பவும் வைத்துத் தைத்துப் பார்த்தார். அறுந்த சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் வித்தை அன்றைக்கு யாருக்கும் கைவரவில்லை. ஒரு வாரத்தில் அது கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். அடியில் எலும்பு.

வெறும் எலும்பின் மேல் தோல் ஒட்டாது. அதை மூடியிருக்கிற சவ்வும் சில இடங்களில் போயிருந்தது. டாக்டர் அப்பாவிடம் விளக்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எலும்பின்ர மேல்தட்டில சின்னச் சின்ன ஓட்டையள் போடப் போறன். உள்ளுக்குள்ள இருந்து சதை தளிர் விட்டு வரும். அது பரவி எலும்பை மூடினாப் பிறகுதான், தொடையில இருந்து மெல்லிசாத் தோல் எடுத்து மேல வைக்கலாம்."

"எவ்வளவு நாள் ஆகும் சார்?"

"மாசக் கணக்கில. அவசரப்பட்டால் ஒண்டும் நடவாது."

அப்பா தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, "முடி முளைக்குமா சார்?" என்று கேட்டார்.

"தொடைத் தோலில முடி வராது" என்றார் டாக்டர். "முதல்ல பிள்ளை பிழைக்கட்டும்."

வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கட்டிலுக்கு மேல் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன். அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள், பின்னித்தான் விட்டேன் என்று. அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பின்னின முடி தானா அவுந்துச்சா?"

அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்க்கவில்லையே.

"ஈரமா இருக்குன்னு அப்பவே சொன்னா. சோம்பேறித்தனம். விரிச்ச தலையோட கூட்டிட்டுப் போயிருக்கா. இப்ப பொய்யும் சேர்ந்துக்கிச்சி" என்று அத்தை முடிவு கட்டினார். ஈரத்தைப் பற்றி அத்தையிடம் சொன்னதே அம்மாதான். முடி ஈரமா இருக்கும்மா என்று அக்கா சொன்னதுதான் அவர் காதிலும் இருந்தது. அப்பா அக்காவை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்த பெண்ணை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சோறு கொண்டுவர, பக்கத்தில் இருக்க ஆள் வேண்டுமே.

அப்படித்தான் அக்கா என் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். தினமும் காலையில் தூக்குச்சட்டியோடு நடந்து வருவாள். கட்டுப் பிரிக்கிற நேரம்தான் எனக்கு நரகம். துணி சதையோடு ஒட்டியிருக்கும். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற நனைத்து, நூல் நூலாக எடுப்பார். சீன மிஸ்ஸி, நல்லவர், "சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி" என்பார், இன்னும் கொஞ்சம்தான் என்று. அது எப்போதும் கொஞ்சமாக இருந்ததில்லை. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஏழெட்டு?" என்பாள். நான் கத்துவேன். "கத்திக்கிட்டே சொல்லு. ஏழெட்டு?" ஐம்பத்தாறு என்று கத்துவேன். கணக்கில் நான் உங்களையெல்லாம் முந்தினேன், ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் சேர்ந்த அன்றே பதினாறாம் வாய்ப்பாடு வரை சொன்னேன். ஆசிரியர் வியந்துபோய் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

ஒரு நாள் மாலை அம்மா மட்டும் வந்திருந்தார். லங்சாட் பழம் உரித்து, கொட்டையை எடுத்துவிட்டு என் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் அக்கா அழுதிருந்தாள். ஏன் என்று கேட்டதற்குத் தூக்குச்சட்டியைக் கழுவப் போய்விட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அக்கா பின்னித்தான் விட்டா. நான்தான் அவுத்தேன்."

அம்மாவின் கை நின்றது.

"என்னா சொன்ன?"

"காது வலிச்சிச்சி. மில்லுல நான்தான் அவுத்தேன். காத்துல காய வச்சேன்."

அம்மா அடுத்த கட்டிலைப் பார்த்தார். அங்கே ஒரு மலாய்ப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"யாருகிட்டயாவது சொன்னியா? அக்காகிட்ட?"

"இல்ல."

"சொல்லாத."

"அக்காவத் திட்டுறாங்கம்மா."

"அவளுக்கு என்னா? அவ நல்லா இருக்கா. நாலு மாசம் போனா எல்லாரும் மறந்துடுவாங்க. நீ இனிமே இந்தத் தலைய வச்சிக்கிட்டு ஊருல நடமாடணும். தானா போய்த் தலையக் கொடுத்தவன்னு வேற பேசணுமா ஜனங்க? அடங்காத பொண்ணுன்னு சொல்லுவாங்க. நாளைக்கு உன்ன யாரு கட்டிக்குவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ தாங்குவா" என்றார்.

பிறகு இன்னொரு பழத்தை எடுத்து உரித்தார். நான் தின்றேன்.

அம்மா கெட்டவர் இல்லை. இரண்டு பெண்களில் யாருக்கு அடி பட்டிருக்கிறதோ அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். மற்றவளுக்கும் அடி பட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாதே என்று அம்மா சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

எலும்பில் போட்ட ஓட்டைகளிலிருந்து சதை வந்தது. சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அவளுக்கு அதைப் பார்க்க இப்போது பயமில்லை. ஒவ்வொரு முத்தும் பெருத்து, பக்கத்து முத்தோடு சேர்ந்து, எலும்பை மூட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். தலையைவிடத் தொடைதான் எரிந்தது. ஐந்து நாள் யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் கட்டளையிட்டார்.

மூன்றாம் நாள் அத்தை வந்தார். மிஸ்ஸி அந்தப் பக்கம் போனதும், முந்தானையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். கோயில் விளக்கு எண்ணெயில் விபூதி குழைத்தது. கட்டின் ஓரத்தை விரலால் தூக்கி, உள்ளே தடவினார். அவர் கண்ணில் தண்ணீர். "ஆத்தா, எங்க பிள்ளைக்கு முடியக் குடு" என்று முணுமுணுத்தார். விரல் குளுமையாக இருந்தது. நான் தடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. எனக்குக் காய்ச்சல். வைத்த தோலில் பாதிக்கு மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. டாக்டர் குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து, கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"ஆர் இதைத் தொட்டது?"

அத்தை சன்னல் பக்கம் பார்த்தார். அப்பாவின் கண் தன்னையறியாமல் அக்காவிடம் போனது. தினமும் பக்கத்தில் இருப்பவள் அவள்தானே. அக்கா தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நான் கையை நீட்டி அத்தையைக் காட்டினேன்.

அத்தை உடைந்துபோனார். தரையில் உட்கார்ந்து அழுதார். டாக்டர் திட்டவில்லை. "அன்பில செய்தது, எனக்கு விளங்குது" என்றார். "ஆனா திரும்பத் தோல் எடுக்க இந்தப் பிள்ளைக்கு இப்ப தெம்பு இல்லை. காயத்தைத் திறந்துபோட்டு வைக்கவும் ஏலாது."

அத்தையைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. யோசிக்கவே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம், அக்காவுக்காக அந்தக் கை ஏன் நீளவில்லை என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா தன் தோலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது ஒட்டாது என்றார் டாக்டர். ஆனாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு நிற்கும், அதுவரை காயம் மூடியிருக்கும், பிள்ளை தேறிக்கொள்ளும், பிறகு உதிர்ந்துவிடும் என்றார். உதிரப் போவதற்காக வெட்டச் சம்மதமா என்று கேட்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கே படுக்க வேண்டும் என்று கேட்டார்.

அப்பாவின் தோல் மூன்று வாரம் என் தலையில் இருந்தது. என் நிறத்தைவிடக் கறுப்பு. நான் முட்டையும் ஈரலும் தின்றேன், காய்ச்சல் விட்டது. அப்பா காலை இழுத்து இழுத்து பஸ் ஏறினார். மூன்றாம் வாரம் அது காய்ந்து, சுருங்கி, நனைந்த காகிதம் போல வந்துவிட்டது. மிஸ்ஸி தட்டில் எடுத்துவைத்ததை அப்பா எட்டிப் பார்த்தார். "சரி, அதோட வேல முடிஞ்சிச்சி" என்றார். அன்றைக்குத்தான், பல மாதத்துக்குப் பிறகு, அக்காவிடம் பேசினார். "நீ சாப்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அக்கா அதற்கே தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

இரண்டாம் முறை வைத்த தோல் பிடித்தது. வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியை அம்மா எடுத்து ஒளித்திருந்தார். செட்டி அம்மாள் தன் பழைய பாத்தேக் துணிகளை வெட்டி, ஓரம் தைத்து, ஆறு தலைத்துணி கொண்டுவந்து கொடுத்தார். அதில் பூவும் கொடியும் போட்ட நீலத் துணி எனக்குப் பிடித்தது. அது எப்போது, எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் கடைசி அறுவை. பின்பக்கம் மிஞ்சியிருந்த முடியுள்ள தோலில் ஒரு பட்டையை வெட்டி, ஒரு முனையை மட்டும் உடம்போடு விட்டு, அப்படியே முன்னால் திருப்பி நெற்றி ஓரத்தில் தைத்தார் டாக்டர். "முழுசும் மூட ஏலாது, பிள்ளை. முன்னுக்கு ஒரு கரை போட்டு விடுறன். முகம் பார்க்கிற ஆக்களுக்கு அது போதும்" என்றார். நீங்கள் பார்த்த இரண்டு விரல் முடி அதுதான்.

சுதந்திரத்தன்று காலை நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். மிஸ்ஸிகள் வானொலியை வார்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கோலாலம்பூரில் கூட்டம் மெர்டேக்கா என்று கத்தியது. எழுந்து நிற்கக்கூடிய பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று கத்தினோம். தையல் பிரியும் என்று மிஸ்ஸி என் வாயைப் பொத்தினார். அக்கா சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அக்கா பள்ளிக்குத் திரும்பவில்லை. நாலு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்று அம்மா சொன்னது நடக்கவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பம், தங்கச்சி தலையைக் கெடுத்த பெண் என்று கேள்விப்பட்டு நின்றுவிட்டது. கடைசியில் சிரம்பானிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்து கட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. துணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஒருவர் கிடைத்தார். அத்தை சாகும்வரை, "இவ மட்டும் அன்னைக்கு ஒழுங்காப் பின்னியிருந்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

அம்மா இறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அக்காவும் நானும் பெரிய குண்டான்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம். நான் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. அவிழ்த்தது நான் என்று சொன்னேன்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. குண்டானுக்குள் கை போய் வந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் பின்னினேனா?"

"பின்னின. இறுக்கிப் பின்னின. நான் அழுதேன்."

"ரிப்பன் போட்டேனா?"

"போட்ட. பச்சை."

அவள் தேங்காய் நாரைக் கீழே வைத்தாள்.

"நான் பின்னலன்னுதான் நெனைச்சிக்கிட்டிருக்கேன். மொதல்ல நல்லாத் தெரிஞ்சிச்சி, பின்னினேன்னு. எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒரு நாளு அந்தக் காலைய நெனைச்சுப் பாத்தா என் கையில சீப்பையே காணோம். பின்னாம விட்டுட்டுப் பொய் சொல்லியிருக்கேன் போலன்னு நெனைச்சேன். முப்பத்தாறு வருசமா."

அவளுடைய இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் வரை பையன்கள் மாதிரி முடி வெட்டிவிட்டிருந்தாள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அன்றே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஐந்து மாதம் பேசவில்லை. நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பொங்கலன்று காலையில் வாசலில் வந்து நின்றாள். அடுப்பில் பால் வைக்கச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் அப்போதும் நான் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்பதை.

இப்போது அக்கா, விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் பத்து பெரெண்டாமில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் பார்வை குறைந்துவிட்டது. போன மாதம் இதை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதை அவள் கேட்காமல் உங்களுக்கு அனுப்பக் கூடாது என்று தோன்றியது. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி படித்தேன். மில்காரர் வாரை அறுத்த இடம் வந்ததும், "அவரு மூஞ்சி கிழிஞ்சத போட்டியா? போடு. பாவம், எல்லாரும் அவரையும் ஏசினாங்க" என்றாள். போட்டிருக்கிறேன் என்றேன்.

பிறகு லங்சாட் பழம் வந்தது. படிக்காமல் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். படித்தேன்.

கடைசி வரை படித்து முடித்தேன். பேத்தி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அவ தாங்குவான்னா அம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எல்லாம் சரியா இருக்கு. அம்மாவப் பத்தினத மட்டும் எடுத்துடு. செத்துப்போனவங்க. அவங்களுக்கு எதுக்கு இப்பப் போயி கெட்ட பேரு? நான் பின்னினேன்னு மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சாப் போதும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து இந்தக் காகிதங்களை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால், அம்மா செய்ததையும் இனி அவளே தன்னோடு வைத்துக்கொண்டு சுமக்க வேண்டியிருக்கும்.

எடுக்கவில்லை.